ஏழு பாட்டுக்கு ஒரு சிடி: சோ யோங்-பில்லின் ‘20’

பிரித்ததும் முதலில் எண்ணினேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரியக் கம்பெனியில், கார் உதிரிபாகம்தான் வேலை, 25 வருஷமாக ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். பெட்டி என்று ஒன்று கைக்கு வந்தால் விரல் தானாக எண்ணத் தொடங்கிவிடும். ஏழு பாட்டு. திருப்பி எண்ணினேன், அப்போதும் ஏழுதான். அதிலும் நான்கு 2022, 2023-லேயே தனித்தனியாக வெளிவந்தவை. புதுச் சரக்கு மூன்றே மூன்று. எங்கள் இடமாக இருந்தால் ஜி.ஆர்.என்.னில், அதாவது சரக்கு வரவுச் சீட்டில், ‘ஷார்ட் சப்ளை’ என்று சிவப்பு மையில் எழுதி, அன்றைக்கே சப்ளையருக்கு மெயில் போயிருக்கும்.

இந்த சப்ளையருக்கு மெயில் போட முடியாது. பெயர் சோ யோங்-பில். கொரியாவில் இவரை ‘கவாங்’ என்கிறார்கள், பாட்டு ராஜா. 1950 மார்ச்சில் பிறந்தவர். ‘20’ என்ற இந்த இருபதாவது ஆல்பம் 2024 அக்டோபர் 22 அன்று வந்தபோது அவருக்கு வயது 74. பத்தொன்பதாவது வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. முழு ஆல்பம் என்று போடுவது அநேகமாக இதுதான் கடைசி என்று வெளியீட்டின்போது அவரே சொல்லிவிட்டார். அதைக் கேட்டபிறகுதான், போனில் கேட்டால் போதாது, கையில் பிடிக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று எனக்கு அடம் வந்தது.

பெரிய ஆன்லைன் கடை ஒன்றில் ஆர்டர் போட்டேன். 41 நாள் ‘அனுப்பியாச்சு, அனுப்பியாச்சு’ என்று காட்டிவிட்டு, ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு ‘கேன்சல்’ என்று மெசேஜ். பணம் திரும்பி வந்தது, அந்த மட்டும் புண்ணியம். கடைசியில் என் மகளின் சிநேகிதி, சியோலில் படிக்கிற பெண், பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்தபோது துணிமணிக்கு நடுவில் சுருட்டி வைத்துக் கொண்டுவந்தாள். உறையில் ஒரு மூலை நசுங்கல், தட்டில் கீறல் இல்லை. ‘அக்செப்டட்.’

அடுத்த பிரச்சினை, வீட்டில் சிடி போட ஒரு சாமானும் கிடையாது. பூந்தமல்லியிலிருந்து கிளம்பி ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். மூன்றாவது கடையில்தான் யு.எஸ்.பி. சிடி டிரைவ் இருந்தது. கடைப் பையன் மேல் ரேக்கிலிருந்து எடுத்துத் தூசியைத் தட்டிக்கொண்டே, “ஆபீசுக்கா சார்?” என்றான். பாட்டு கேட்க என்றேன். “பாட்டுன்னா பென்டிரைவ்ல ஏத்தித் தரேனே சார், ஆயிரம் பாட்டு. என்ன பாட்டு வேணும், எஸ்.பி.பி.யா, யேசுதாஸா?” கொரியப் பாட்டு என்றதும் என் நரையைப் பார்த்தான். 1,350 ரூபாய், ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், 2002 டிசம்பருக்குப் போக வேண்டும்.

ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் வெளியே வந்தது. அதன் பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள் வரிசையாக வந்தன, நாங்களும் உள்ளே போனோம். எங்களுக்கு முதலில் தெரிந்த கொரிய வார்த்தைகள் இரண்டு. ‘பல்லி பல்லி’, சீக்கிரம் சீக்கிரம் என்று அர்த்தம். ஆரம்பத்தில் பாதிப் பேர் சுவரைத்தான் பார்த்தோம். இன்னொன்று ‘அன் த்வே!’, கூடாது. எங்கள் பிரிவுத் தலைவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘பூஜாங்-நிம்’தான், பிரிவுத் தலைவருக்கு அவர்கள் மரியாதைச் சொல். பூசான் துறைமுகத்துக்காரர். சரக்கு இருப்பு எழுதும் பின் கார்டில் ஒரு போல்ட் குறைந்தால் அட்டையை மேசையில் அறைந்து ‘அன் த்வே’ என்பார். அந்தச் சத்தம் கேன்டீன் வரைக்கும் கேட்கும்.

அந்த டிசம்பரில் வருஷக் கடைசி விருந்துக்கு ஊருக்குள் ஒரு கொரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போனார்கள். மாடியில் பாட்டு ரூம். டெலிபோன் டைரக்டரி தடிமனில் ஒரு புத்தகம், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நம்பர்; நம்பரைத் தட்டினால் இசை ஓடும், பாடி முடித்தால் மெஷின் மார்க் போடும். பூஜாங்-நிம் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. நம்பர் மனப்பாடம். டையைத் தளர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அட்டையை அறைகிற மனுஷன் இவர் இல்லை என்று மட்டும் தெரிந்தது. மெஷின் 92 போட்டது.

மறுநாள் எங்கள் மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டேன். ‘பூசான் துறைமுகத்துக்குத் திரும்பி வா’, சோ யோங்-பில் பாட்டு என்றார். 1972-ல் ஒருமுறை பதிவானபோது யாரும் சீண்டாத பாட்டு. அப்போது அதில் அழைக்கப்பட்டது காதலர். 1976-ல் மறுபடி போட்டபோது காதலர் இருந்த இடத்தில் சகோதரனை வைத்தார்கள், தாளத்தையும் கொஞ்சம் ஓடவிட்டார்கள். ஜப்பானிலேயே தங்கிவிட்ட கொரியர்கள், அதுவரை தென் கொரியப் பக்கமே தலைவைக்காதவர்கள், முன்னோர் சமாதியைப் பார்க்கக் கூட்டங்கூட்டமாக வரத் தொடங்கியிருந்த சமயம் அது. பூசானுக்கும் ஜப்பானின் ஷிமொனொசெகிக்கும் நடுவில் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் நின்றுகொண்டு அண்ணன் தம்பியைக் கூப்பிடுகிற பாட்டுக்கு நாடே அழுததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இதை நான் வீட்டில் ஒருமுறை சொல்லப்போய், என் மாமியார் சமையலை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். அவர் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழர்களை இரண்டு நாடும் பங்குபோட்டுக்கொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவருக்கும் அப்பா அம்மாவுக்கும் இந்தியா என்று விழுந்தது, அண்ணனுக்கு இலங்கை. ஒரே லயத்துக் குடும்பம், இரண்டு காகிதம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கி, அங்கிருந்து கூடலூரில் அரசு டேன்டீ தேயிலைத் தோட்டம். (செய்யாற்றுக்காரன் கூடலூரில் பெண் எடுத்த கதை வேறு, இங்கே வேண்டாம்.) அன்றைக்கு என் போனில் அந்தப் பாட்டை மூன்று தடவை கேட்டார். கேட்டுவிட்டு, “அந்தக் கப்பலுக்கு டிக்கெட்டு எவ்வளவாம்?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘அண்ணன் பாட்டு’.

ஆனால் சோ யோங்-பில்லை ஒரு பாட்டுக்காரராக நான் மதிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகு வந்த குரலால்தான்.

என் பெரியப்பா கூத்தில் பின்பாட்டு பாடியவர். மைக் இல்லாத காலம். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடிகிற வரைக்கும் எட்டுக்கட்டையில் இழுக்க வேண்டும். “தொண்ட ஒருவாட்டி ஒடையணும்டா. ஒடஞ்சு கூடினாத்தான் அது கூத்துக்காரன் தொண்ட” என்பார். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோ யோங்-பில் கதையைப் படித்தபோது பெரியப்பா காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்ன மாதிரி இருந்தது.

அப்பா வேண்டாம் என்று சொல்லியும் கிடாரோடு வீட்டை விட்டுக் கிளம்பியவர் அவர். 1968-ல் ‘ஆட்கின்ஸ்’ என்ற கோஷ்டியில் கிடார் வாசித்துத்தான் தொழிலுக்கு வந்தார். அமெரிக்கப் படை முகாம்களின் கிளப்புகளில் வாசிப்பு. 1976-ல் பூசான் பாட்டால் நாடு முழுக்கப் பெயர். அடுத்த வருஷமே பழைய கஞ்சா விவகாரம் ஒன்று கிளறப்பட்டு மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள். புகழ் வந்து ஒரு வருஷத்தில் வேலை போனது. அந்தச் சும்மா இருந்த காலத்தில்தான் நாட்டுப்புறப் பாட்டையும் பன்சோரியையும் பிடித்துக்கொண்டு தொண்டையைப் போட்டு உருட்டினார். பன்சோரி என்றால் ஒரு பாடகர், ஒரு மத்தளக்காரர், மணிக்கணக்கில் கதை. குரல் பழுக்க அருவிக்கரையில் நின்று அருவிச் சத்தத்தை மீறிப் பாடிப் பழகுவார்கள். தொண்டை கிழிந்து, ஆறி, மறுபடி கிழிந்து வருவதுதான் அந்தக் கரகரப்பு. வழவழவென்று இருந்த 1976 குரல் அங்கேயே முடிந்தது.

1979 கடைசியில் தடை நீங்கியது. 1980-ல் ஒரு வானொலி நாடகத்துக்கு மெட்டுப் போட்டுப் பாடினார், ‘சன்னலுக்கு வெளியே நிற்கும் பெண்’. அதே பெயரில் வந்த ஆல்பம்தான் கொரியாவில் முதன்முதலில் பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது என்பார்கள். அந்தப் பாட்டை இரவில் தனியாகக் கேளுங்கள். பாதி வரைக்கும் வாயை முழுக்கத் திறக்காமல், பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி பாடுவார். பிறகு ஒரு இடத்தில் மேலே போவார். போகும்போது குரல் சுத்தமாக இருக்காது, துணி கிழிகிற சத்தம் ஒன்று கூடவே வரும். ஆனால் சுருதி அசையாது. கிழிசலும் சுருதியும் ஒரே இடத்தில். டி.எம்.எஸ். உச்சியில் கம்பீரமாக நிற்பார், சீர்காழி வெண்கல மணியாக அடிப்பார். இது இரண்டும் இல்லை. இது பெரியப்பா விடிகாலை நாலு மணிக்குப் பாடிய குரல். அதே ஆல்பத்தில் ‘குட்டை முடி’ என்று இன்னொரு பாட்டு, சிந்தசைசர் துள்ள, பொய்க்குரலில் பையன் மாதிரி பாடியிருப்பார். இரண்டும் ஒரே ஆள் என்று என் மகள் முதலில் நம்பவில்லை.

அவளுக்கு ஒரு விஷயம் சொல்லி வாயடைத்தேன். பி.டி.எஸ். பையன்களைப் பார்த்து ‘ஒப்பா’, அதாவது அண்ணா, என்று கத்துகிறாளே, அந்தக் கூச்சலுக்கே இவர்தான் ஆரம்பம். 80களில் இவர் பின்னால் திரண்ட பெண்களுக்குத்தான் ‘ஒப்பா படை’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு பாட்டில் முதல் வார்த்தையைப் பாடி மூச்சு விடுவதற்குள் அரங்கம் கிறீச்சிடும், அந்தக் கிறீச் இல்லாமல் அந்தப் பாட்டே இல்லை என்கிற அளவுக்கு. வருஷா வருஷம் சிறந்த பாடகர் விருதை வாங்கி அலுத்து, 1986-ல் இனி எனக்கு வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த வருஷம் ஜப்பான் ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் வருஷக் கடைசிப் பாட்டு நிகழ்ச்சியில் மேடையேறினார்.

‘கிளிமஞ்சாரோவின் சிறுத்தை’ பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. 1985 பாட்டு. ஐந்து நிமிஷத்துக்கு மேல், அதில் பெரும்பகுதி வசனம். பாட்டு எழுதியவர் யாங் இன்-ஜா, மெட்டு கிம் ஹீ-காப். பனிமலை ஏறிச் சாகிற சிறுத்தையாக இருப்பேன், எச்சில் தேடி அலைகிற கழுதைப்புலியாக இருக்கமாட்டேன் என்கிற மாதிரிப் போகும். பூஜாங்-நிம் மூன்றாவது சோஜு சாராய பாட்டிலுக்குப் பிறகு இதை எடுப்பார். அவர் வசனத்தை முடிக்கிற வரைக்கும் யாரும் மேசையில் இறைச்சி சுடுகிற அடுப்பில் கை வைக்கக்கூடாது. எத்தனை கிலோ இறைச்சி கருகியிருக்கும் என்று அந்த ஓட்டல்காரருக்குத்தான் தெரியும்.

2009-ல் பூஜாங்-நிம் ஊருக்குப் போய்விட்டார். 2013 ஏப்ரலில் அவரிடமிருந்து ஒரு லிங்க், ‘கேட்டுப் பார்’ என்ற ஒரே வரியோடு. ‘பவுன்ஸ்’. பத்து வருஷம் ஆல்பமே போடாமலிருந்த 63 வயதுக்காரர், சின்னப் பையன் மாதிரி நெஞ்சு துள்ளுகிறது என்று பாடுகிறார். உலகமே சைய்யின் ‘ஜென்டில்மேன்’ பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த வாரத்தில் கொரியப் பட்டியல்களில் அதையே கீழே தள்ளிவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடிக்கவில்லை. ஜிகினா ஒட்டின மாதிரி இருந்தது. எனக்கு வேண்டியது கிழிகிற குரல். இவர் தையல் வெளியே தெரியாதபடி தைத்துக் கொடுக்கிறாரே என்று கோபம். நம்மூர் மெல்லிசைக் கச்சேரிகளில் பழைய பாட்டைப் பழையபடியே பாடினால்தானே கைதட்டுவோம், அந்தப் புத்தி.

அது என் தப்பு என்று இந்த ‘20’ காட்டியது. எல்லாப் பாட்டிலும் இல்லை, முதல் இரண்டில்.

முதலாவது ‘குரெதோ த்வே’. டிவியில் ஏதோ விளையாட்டுப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தபோது, கேமரா ஜெயித்தவரையே காட்டுகிறதே, தோற்றவர் மனசில் என்ன ஓடும் என்று நினைத்ததிலிருந்து வந்த பாட்டு என்று அவர் சொல்லியிருக்கிறார். தாமதமானால் என்ன, அப்படியும் சரிதான் போ என்கிற பாட்டு. கிடார் அகலமாக விரிகிறது, குரல் அதன் மேல் ஏறி நிற்கிறது. நான் இதைக் கம்பெனி பஸ்ஸில், பூந்தமல்லி டிராஃபிக்கில் நின்றுகொண்டிருந்தபோதுதான் முதலில் ஒழுங்காகக் கேட்டேன். 25 வருஷமாக ‘அன் த்வே, அன் த்வே’ என்று கேட்டுக்கேட்டுப் பழகிய காதுக்கு, முன்னால் ‘அன்’ இல்லாமல் வெறும் ‘த்வே’ வந்தது. ஆகும், பரவாயில்லை, செய்யலாம். இந்த வார்த்தைக்கு இப்படி ஒரு பாதி இருப்பதே மறந்துபோயிருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் என்ன சார் கண்ணு என்றார். ஏசி காத்து என்றேன்.

இரண்டாவது பாட்டின் தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்தபோது சிரித்துவிட்டேன். பெட்டி லேபிள் படித்தே கொரிய எழுத்து கற்றவன் நான். ‘ச-ல்-னா’ என்று வந்தது. பரோட்டா எங்கே? ஆனால் அவர் பாடும்போது ‘சல்லா’ என்றுதான் விழுகிறது, அவர்கள் உச்சரிப்பு விதி அப்படி. அர்த்தம் பார்த்தால் சம்ஸ்கிருத க்ஷணம்தான், புத்த மதத்தோடு சீனா வழியாகப் போய்ச் சேர்ந்தது. நாம் கணம் என்கிறோமே, அதே கணம். காதலில் விழுகிற ஒரு கணத்தைப் பற்றிய துள்ளல் ராக். அப்பா-அம்மா இரண்டு மொழியிலும் ஒன்று என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை விட இது எனக்கு ருசியாக இருந்தது. இந்தப் பாட்டில்தான் ‘பவுன்ஸ்’ மேல் எனக்கிருந்த கோபமும் போனது. துள்ளுகிற மெட்டில் அவர் வயதை மறைக்கவில்லை. வார்த்தையின் கடைசியில் மூச்சை விடுகிற இடத்தில் அந்தப் பழைய கிழிசலின் நூல் தெரிகிறது. பெரிய ஸ்பீக்கரில் தெரியாது, இயர்போனில் தெரியும்.

‘செரெங்கெட்டியைப் போல’ நல்ல பாட்டு, ஊர் ஊராகப் பஸ்ஸில் போகும்போது ஏற்றது. சிறுத்தையை விட்டு இறங்கிச் சமவெளிக்கு வந்துவிட்டார், வசனம் இல்லை, இறைச்சி பிழைத்தது. ‘டைமிங்’ பரவாயில்லை. ‘ஏன்’ என்ற மெதுவான பாட்டில் குரலைத் தனியாக விட்டிருக்கிறார்கள், 74 வயது என்று நம்ப முடியாத சுருதி. ‘ஃபீலிங் ஆஃப் யூ’, ‘ரா’ இரண்டையும் நான் ரிஜெக்ட் செய்கிறேன். மின்னணு இசை மேலே பளபளவென்று பூசியிருக்கிறது, யார் பாடினாலும் இப்படித்தான் இருக்கும். என் மகளுக்கு ‘ரா’தான் பிடித்த பாட்டு என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

பூச்செல்லாம் ஸ்டுடியோ வேலை, மேடையில் எப்படி என்று சந்தேகப்படுகிறவர்கள், 2025 செப்டம்பரில் சியோலின் கோச்சொக் ஸ்கை டோமில் கொரியாவின் கே.பி.எஸ். டிவிக்காக அவர் நடத்திய கச்சேரியைத் தேடிப் பாருங்கள். 75 வயது. நின்றபடி, கிடாரோடு, 1979-லிருந்து கூடவே இருக்கிற ‘மகத்தான பிறப்பு’ என்ற அதே பெயருடைய குழுவோடு. பழைய பாட்டுகளையும் நிறைய பாடுகிறார். அவற்றையும் புதுப் பாட்டு மாதிரித்தான் பாடுகிறார்.

வாங்கலாமா? கேட்பதற்கு மட்டும் என்றால் வேண்டாம், ஏழும் போனிலேயே கிடைக்கின்றன. சிடி, டிரைவ், 41 நாள் எல்லாம் மிச்சம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதிலிருந்து தொடங்கவும் வேண்டாம். 1980 ஆல்பத்தை முதலில் கேளுங்கள், பிறகு ‘பவுன்ஸ்’, பிறகு இது. ஸ்டோர்ஸ் பாஷையில் ஃபிஃபோ, முதலில் வந்தது முதலில் போகட்டும். என்னைப் போல 20 வருஷமாக அந்தக் குரலோடு இருக்கிறவர்கள் வாங்குங்கள். ஏழு பாட்டுக்கு இந்தக் காசு அதிகம்தான், அதில் மாற்றமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பில் டிரைவை மாட்டி, தட்டைப் போட்டு, ஹாலில் எல்லோரையும் உட்காரவைத்தேன். ஏழும் ஓடி முடிந்தது. மாமியார் முழுசாகக் கேட்டார், ‘குரெதோ த்வே’வுக்குத் தலைகூட ஆட்டினார்.

“அண்ணன் பாட்டு எப்ப வரும்?”

“அது இதுல இல்ல அத்த. அது பழசு.”

உறையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “அப்புறம் எதுக்கு மாப்பிள்ள இத்தன காசு குடுத்து வாங்குனீங்க?”